கராச்சியில் காத்திருந்த கொட்டகை

காலிமுகத் திடலிலே சென்ற ஞாயிறு மாலை பட்டம் விடும் சிறுவர்களைப் பார்த்து நின்றோம். வெள்ளவத்தையில் நம் அயல்வீட்டு மாணவன், முறிந்த மூங்கிற் சட்டத்தை நூலாற் கட்டிக்கொண்டே, "ஆகாயக் கப்பலுக்குள்ளும் இப்படிச் சட்டம் இருந்ததாமே, மாமா?" என்று வினவினான். இருந்தது. அதுவே அதன் உயிர்நாடி.

வெறும் பலூன் தன்னுள் அடைத்த வாயுவினால் உருவம் பெறுவது. சட்டமுள்ள ஆகாயக் கப்பலோ அப்படியன்று. நீண்ட உத்திரங்களையும் பெரும் வளையங்களையும் இணைத்து உலோகக் கூடு கட்டி, வெளியே துணி போர்த்தி, உள்ளே வரிசையாக ஐதரசன் பைகளைத் தொங்கவிடுவர். ஒரு பை கிழிந்தாலும் ஏனையவை தாங்கும். அப்பைகளுக்கு மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை ஒட்டினர். ஒரு கப்பலுக்கே இலட்சக்கணக்கான மாடுகளின் குடல் தேவைப்பட்டது. முதல் மகாயுத்த காலத்தில் ஜேர்மனியர் இதன் பொருட்டுத் தம் பிரியமான குடற்பண்டத்தையும் துறக்க நேர்ந்ததாம்!

ஜேர்மனியின் செப்பலின் பிரபு 1900 ஜூலை 2இல் தம் முதற் கப்பலைப் பறக்கவிட்டார். 1915இல் அவ்வினத்துக் கப்பல்கள் இங்கிலாந்தின்மீது குண்டு பொழிந்தன. தீப்பற்றும் தோட்டாக்கள் வந்த பின்னரே அவற்றை வீழ்த்த வழி பிறந்தது. 1916இல் எசெக்ஸில் வீழ்ந்த ஒன்றைப் பார்த்தே ஆங்கிலேயர் தம் கப்பல்களை அமைத்தனர். பகைவனிடமும் பாடம் படிக்கலாம். ஆனால் முழுப்பாடமும் படித்தார்களா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

யுத்தம் ஓய்ந்தபின் சாம்ராச்சியத்தை ஆகாய மார்க்கமாகப் பிணைக்கும் ஆசை எழுந்தது. எகிப்தின் இஸ்மாயிலியாவில் நங்கூரக் கோபுரம் ஒன்று எழுந்தது. கராச்சியிலோ கோபுரத்துடன் மாபெருங் கொட்டகையும் எழுந்தது. இவ்வழி வரவேண்டிய கப்பல் ஆர் 101. இரண்டு உதைபந்தாட்ட மைதானங்களை நீளவாக்கில் வைத்தாலும் அதன் 777 அடிக்குப் போதா. ஐதரசனுக்குக் கீழே புகைபிடிக்கவும் ஓர் அறை வைத்திருந்தனர்!

பாரம் மிகுந்து, தூக்கும் சக்தி குறைந்திருந்ததால், கப்பலை நடுவே வெட்டி இன்னொரு பகுதியைச் செருகினர். அதன்பின் முழுவேகப் பரீட்சை நடைபெறவில்லை. விமான மந்திரி தொம்சன் பிரபு இந்தியா சென்று, அம்மாதமே இலண்டனில் நடந்த சாம்ராச்சிய மகாநாட்டுக்குத் திரும்ப விரும்பினார். 1930 ஒக்டோபர் 4ஆந் திகதி மாலை, காற்றும் மழையும் நெருங்கும் வேளையிற் கப்பல் கிளம்பியது. இரவு இரண்டு மணி கழிந்து, பிரான்ஸ் தேசத்துப் போவே நகரருகே குன்றொன்றில் மோதி எரிந்தது. ஏறியவர் 54 பேர். மாண்டவர் மந்திரி உட்பட 48 பேர். காற்றை நாட்குறிப்புக்கு இணங்கச் செய்யலாமென எண்ணியதே பெரும் பிழை என்போம் நாம்.

விசாரணைக்குத் தலைமை வகித்தவர் சர் ஜோன் சைமன். ஆம், இந்தியா கறுப்புக் கொடி காட்டிய அதே சைமன்தான். முன்புறப் பை கிழிந்து வாயு வெளியேறியிருக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு.

கனடா சென்று சுகமாகத் திரும்பிய ஆர் 100 என்னுஞ் சகோதரக் கப்பலும் 1931இற் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. கராச்சிக் கொட்டகைக்குள் எந்த ஆகாயக் கப்பலும் ஒருநாளும் நுழையவில்லை. பல்லாண்டு நின்ற பின் அதனையும் இடித்துவிட்டனர்.