லேபிளில் அலட்சியம் கூடாது

கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்த நோயாளிகளுக்கு ரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும் முக்கிய மருந்து ஆல்புமின். மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புரதம் இது. புட்டி ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கில். வார்டில் சீட்டு எழுதிக் கொடுத்து, உறவினரையே கடைக்கு அனுப்பி வாங்கி வரச் செய்வது பெங்களூரிலும் பிற நகரங்களிலும் சகஜமாக நடக்கிறது. புட்டியின் மேல் இருப்பதோ பொடி எழுத்தில் ஆங்கிலம். வாங்கி வருபவருக்கு அது புரிவதில்லை. அவசரத்தில் இருக்கும் ஊழியர் அதைப் பார்க்கிறாரா என்பதும் நிச்சயமில்லை.

ஆனால் அந்தப் பொடி எழுத்துகள் உயிர் சம்பந்தப்பட்டவை. 5 சத ஆல்புமினும் 20 சத ஆல்புமினும் ஒன்றல்ல. வீரியம் கூடியது, உடல் திசுக்களிலுள்ள நீரை ரத்தக் குழாய்க்குள் இழுக்கும். அளவு மீறினால் இதயம் திணறும். அதை வெறும் சுத்திகரித்த நீரில் கலந்து ஏற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். மருந்து உறையக் கூடாது. கலங்கியிருந்தால் ஏற்றக் கூடாது. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படாததால், திறந்த புட்டியில் எஞ்சியதை எடுத்து வைக்கவும் கூடாது.

பாட்ச் எண் இன்னும் முக்கியம். பலரிடம் பெற்ற பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்தே இம்மருந்து தயாராகிறது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் கிருமிகளுக்கான சோதனை உண்டு. 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்கவும் செய்கிறார்கள். அதன் பிறகும் ஒரு பாட்சில் குறை தெரியவந்தால், அது யார் யாருக்கு ஏற்றப்பட்டது என்று கண்டுபிடிக்க அந்த எண்ணே வழி.

மருந்துக் கலப்படம் என்ன செய்யும் என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1986-ல் மும்பை அரசு மருத்துவமனை ஒன்றில் கலப்படக் கிளிசரால் கொடுக்கப்பட்ட 14 பேர் மாண்டனர். மருந்துக் கொள்முதலிலும் தரக் கண்காணிப்பிலும் இருந்த சீர்கேடுகளை நீதிபதி லென்டின் கமிஷன் அம்பலப்படுத்தியது. விலை உயர்ந்த மருந்தின் காலிப் புட்டியும் நல்ல லேபிளும் தவறான கைகளில் சிக்கினால், போலி மருந்துக்கு அவையே முகமூடியாகிவிடும்.

300 பிரபல மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் குறியீட்டை மத்திய அரசு கட்டாயமாக்கியது நல்ல தொடக்கம். ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்துகள் அனைத்துக்கும் இது விதிவிலக்கின்றிப் பொருந்த வேண்டும். வீரியம் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும். உபயோக எச்சரிக்கைகள் அந்தந்த மாநில மொழியிலும் அருகில் வாழும் மக்களின் மொழியிலும் துண்டுத்தாளாகத் தரப்படலாம். பாட்ச் எண்ணை நோயாளியின் கேஸ் ஷீட்டில் பதிவதையும், காலிப் புட்டியை லேபிளைச் சிதைத்து விதிப்படி அப்புறப்படுத்துவதையும் மருத்துவமனைகள் தவறாமல் செய்ய வேண்டும்.

மக்களும் பில் இல்லாமல் இம்மருந்தை வாங்கக் கூடாது. பில்லிலுள்ள பாட்ச் எண்ணும் புட்டியிலுள்ள எண்ணும் ஒன்றா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. சந்தேகம் வந்தால் ஏற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும். கேட்பவரை அதட்டி அனுப்பாமல் பதில் சொல்வது மருத்துவமனையின் கடமை.