ஒப்புக்குச் சப்பாணி டெஸ்டுகள்

புனேயில் நம்ம ஊர்க்காரங்க நாலு பேர் கூடினா பேச்சு மூணு விஷயத்துல அடங்கிடும். வீட்டு வாடகை, பசங்களுக்குத் தமிழ் எழுத வரலை, சனிக்கிழமையும் ஆணி. மூணாவதுக்கு டேமேஜர்தான் காரணம்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்கோம். பாதிக் காரணம் நாம எழுதற டெஸ்டுகள்தான்னு நான் சொல்றேன். அதுலயும் குறிப்பா, ஸ்டேட்டிக் மெத்தடை மாக் பண்ற பழக்கம். அடிக்க வராதீங்க, முழுசாப் படிச்சுட்டு அடிங்க :-)

வீட்ல பொட்டி தட்டாதவங்களுக்காக ஒரு விளக்கம். ப்ரோக்ராமோட ஒரு சின்னத் துண்டைத் தனியா எடுத்து, அது சரியா வேலை செய்யுதான்னு பார்க்கறது யூனிட் டெஸ்ட். அந்தத் துண்டுக்குத் துணையா டேட்டாபேஸ், மெயில் சர்வர்னு ஏதாவது வேணும்னா, நிஜத்துக்குப் பதிலா ஒரு ஒப்புக்குச் சப்பாணியை நிறுத்துவோம். அதான் மாக். இதுல தப்பே இல்ல. ஆனா ஸ்டேட்டிக் மெத்தட்ங்கறது தெருமுனைக் குழாய் மாதிரி. யாரும் யாரையும் கேக்காம, எங்கேருந்து வேணும்னாலும் போய்த் திறந்துக்கலாம். நம்ம வீட்டு சாம்பாரை ருசி பார்க்கறதுக்காக, தெருக்குழாயோட தண்ணியையே மாத்தறதுதான் ஸ்டேட்டிக் மாக்.

இதுக்குன்னு ஜாவால பவர்மாக் வந்தது. க்ளாஸை லோடு பண்ணும்போதே பைட்கோடை மாத்தி வித்தை காட்டும். அதோட கடைசி வெளியீடு 2020-ல். அதே வருஷம் ஜூலையில் மாக்கிட்டோ 3.4.0-ல் மாக்ஸ்டேட்டிக் வந்துடுச்சு. 2023-ல் மாக்கிட்டோ 5 வந்தப்போ, தனியா எதையும் சேர்க்காமலே வேலை செய்ய ஆரம்பிச்சது. அப்புறம் என்ன, நம்ம மக்களுக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. புதுசா எழுதற கோடுலகூட தாராளமா ஸ்டேட்டிக் கால், டெஸ்ட்ல தாராளமா மாக்.

இதனால என்ன குடி முழுகிடும்னு கேக்கறீங்களா? கேளுங்க.

சில வருஷம் முன்னாடி நான் கிட்டக்க இருந்து பார்த்த ஒரு பில்லிங் ப்ராஜெக்ட். ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வரக்கூடாது. அதனால ஏப்ரல் 1-லேருந்து புது வரிசை ஆரம்பிக்கறது அங்க வழக்கம். தேதிக்கு லோக்கல்டேட்.நவ்()-னு நேரா ஸ்டேட்டிக் கால். டெஸ்ட்ல அதை மாக் பண்ணி "இன்னிக்கு ஏப்ரல் 1"ன்னு சொல்ல வச்சாங்க. எல்லாம் பச்சை. சர்வர் ஓடினது யூடிசி நேரத்துல. நம்ம நேரம் அதுக்கு ஐந்தரை மணி முன்னாடி. ஆக, ராத்திரி 12 மணிலேருந்து காலைல 5.30 வரைக்கும் சர்வருக்கு இன்னும் நேத்துதான். விடியறதுக்குள்ள போட்ட பில் பூரா மார்ச் 31 தேதியில, பழைய வரிசையில போயிடுச்சு. சரி பண்ண ரெண்டு வாரம். சித்திரை பிறப்புக்கு ஊருக்குப் போக நாகர்கோவில் வண்டியில டிக்கெட் எடுத்து வச்சிருந்த பையன் அதை ரத்து பண்ணிட்டு எக்செல் ஷீட்டோட உக்காந்தான். அவங்கம்மாவுக்கு மாக்ஸ்டேட்டிக்னா என்னன்னு தெரியாது, மகன் வரலைங்கறது மட்டும்தான் தெரியும்.

"டெஸ்ட் எழுதலைன்னாலும் இது நடந்திருக்குமே"ன்னு கேக்கலாம். நடந்திருக்கும். ஆனா இங்க கூத்து வேற. யாராவது புத்திசாலித்தனமா அந்த வரியை "ஆசியா/கொல்கத்தா நேரப்படி தேதி கொடு"ன்னு திருத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மாக் பண்ணினது அடைப்புக்குறிக்குள்ள எதுவும் இல்லாத நவ்(). நேர மண்டலம் கொடுக்கற நவ் வேற மெத்தட். அது மாக்ல நல்-னு திருப்பும், டெஸ்ட் சிவப்பாயிடும். அதாவது தப்பான கோடுக்கு பாஸ், சரியான கோடுக்கு ஃபெயில்! விடையைப் பார்க்காம கையெழுத்தைப் பார்த்து மார்க் போடற வாத்தியார் மாதிரி.

இதே வேலையை நேர்மையா செய்ய 2014-லேயே, ஜாவா 8-லேயே, க்ளாக்னு ஒரு க்ளாஸ் கொடுத்துட்டாங்க. கடிகாரத்தை வெளியிலேருந்து உள்ள கொடுங்க. டெஸ்ட்ல யூடிசி மார்ச் 31, 20.30-ல் நின்னுபோன கடிகாரம் ஒண்ணைக் கொடுங்க. நம்மூர்ல அது ஏப்ரல் 1, விடிகாலை 2 மணி. கோடு ஏப்ரல் 1-ன்னு சொன்னா பாஸ். சர்வர் நேரத்தையே நம்பினா மார்ச் 31-ன்னு சொல்லி மாட்டிக்கும். எந்த வித்தையும் வேணாம்.

இதுக்கு வழக்கமா வர்ற எதிர்வாதங்களையும் பார்த்துடுவோம்.

"டெஸ்டுக்காக டிசைனை மாத்தணுமா?" டெஸ்டுக்காக இல்லை சாமி. நேரத்தைப் பொறுத்து விடை மாறற மெத்தட், "எனக்கு நேரம் வேணும்"னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாம பின்வாசல் வழியா போய் எடுத்துக்கறதுதான் கோளாறு. டெஸ்ட் எழுதக் கஷ்டமா இருக்குன்னா, அந்தக் கோளாறை அது காட்டிக் கொடுக்குதுன்னு அர்த்தம். மாக் பண்றது காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைக்கற கதை.

"க்ளையண்ட் 80 சதவீத கவரேஜ் கேக்கறான்." கவரேஜ் சொல்றது எத்தனை வரி ஓடிச்சுன்னு மட்டும்தான், சரியா ஓடிச்சான்னு இல்லை. இதுல தமாஷ், பவர்மாக் தொட்ட க்ளாஸுக்கு ஜாகோகோ வழக்கமான முறையில் அளந்தா பூஜ்யம் காட்டும். அதுக்குன்னு தனியா ஒரு வாரம் ஆணி.

"பத்து வருஷப் பழைய கோடு, கை வைக்க முடியாது." இது நியாயம். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் பழைய கோடைப் பத்தி முழுப் புத்தகமே எழுதினார். டெஸ்டே இல்லாத இடத்துல முதல் டெஸ்ட் போட ஸ்டேட்டிக் மாக் உதவும். ஆனா அது கட்டடத்துக்குப் போடற சாரம். பூச்சு வேலை முடிஞ்சா பிரிச்சுடணும். சாரத்துலயே குடித்தனம் நடத்தக்கூடாது. அந்த ஸ்டேட்டிக் காலை ஒரு சின்ன க்ளாஸுக்குள்ள சுத்தி வைங்க, அதை வெளியிலேருந்து கொடுங்க. அரை மணி வேலை.

எல்லாம் முடியும்னு நினைக்கற மாக்கிட்டோகூட ஜாவாவோட சிஸ்டம் க்ளாஸ் மேல இதைச் செய்ய மாட்டேன்னு மறுத்துடும், க்ளாஸ் லோடிங்கே சுத்தல்ல மாட்டிக்கும்னு. கருவிக்கு இருக்கற அடக்கம் நமக்கும் கொஞ்சம் வேணும்.

டீம் லீடா இருக்கற மக்களே, அடுத்த ரிவ்யூவில புது கோடுக்கு மாக்ஸ்டேட்டிக் வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை ஏன் வெளியிலேருந்து கொடுக்கலை?" பதில் இல்லைன்னா திருப்பி அனுப்புங்க. அவன் முறைப்பான், பரவாயில்ல. தீபாவளிக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தா திட்ட மாட்டான்.

டிஸ்கி: ஸ்டேட்டிக் மெத்தடே கூடாதுன்னு நான் சொல்லலை. ரெண்டு எண்ணுல பெரிசு எதுன்னு சொல்ற மெத்தட் ஸ்டேட்டிக்கா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? அதை மாக் பண்ணவே வேணாம். ரகசியமா தெருக்குழாய்க்குப் போறவங்களோட மட்டும்தான் நம்ம சண்டை.