பூச்சியத்துக்கு அஞ்சலாமோ?

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. முகத்துவாரத்திலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாயுள்ள என் வீட்டுத் திண்ணையிலிருந்து மாணவர்தம் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய மாணாக்கர் ஒருவர் வந்தார். உயர்தரப் பரீட்சையிலே இணைந்த கணிதத்தில் மிக உயர்ந்த சித்தியெய்தி, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயில்பவர். கையிலே ஒரு வினாத்தாள். பல்கேரியா நாட்டில் ஆண்டுதோறும் பல்கலைக்கழக மாணவர்க்கென நடைபெறும் சர்வதேசக் கணிதப் போட்டியின் பழைய தாள் அது. "மூன்று நாள் முயன்று பார்த்தேன், ஒரு கணக்குக்கேனும் வழி பிறக்கவில்லை. பூச்சியம் வாங்கவோ, சேர், கடல் கடந்து போவது?" என்று கேட்டுச் சிரித்தார். அச்சிரிப்பிலே நாணம் இருந்தது. கணிதமே தமக்கு உரியதன்று என்று துறந்துவிடும் எண்ணமும் அவர்க்கு இருந்ததாகத் தோன்றிற்று.

அன்று நான் தக்க விடை கூறினேனல்லேன். கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே இலக்கணமும் இலக்கியமும் பயின்று பண்டிதன் ஆனவன் நான். எண்ணைக் காட்டிலும் எழுத்தோடு உறவு மிகுந்தவன். எனினும் அவர் கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அது பற்றித் தேடி அறிந்தவற்றையும், அறிந்தபின் என்னுள் எழுந்த எண்ணங்களையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் முன்வைக்க விழைகின்றேன்.

பள்ளி மாணவர்க்கான சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டைப் பலர் அறிவர். அது 1959-இல் ருமேனியாவிலே தொடங்கிற்று. இந்தியா 1989-இலும் இலங்கை 1995-இலும் அதிற் புகுந்தன. நான் கூறவந்த போட்டி வேறு. அது 1994-இல் பல்கேரியாவின் புளோவ்திவ் நகரில் முதன்முதல் நடந்தது. அதனை நடத்துவது இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. அண்மைக் காலங்களிற் பெரும்பாலும் பிளகோயெவ்கிராத் என்னும் ஊரிலே கூடுகின்றது. கொள்ளைநோய் பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மட்டும் இணையவழியே நடந்தது. இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், ஐந்து வினாக்கள். வினாவொன்றுக்குப் பத்துப் புள்ளியாக மொத்தம் நூறு. அட்சரகணிதம், பகுப்பியல், கேத்திரகணிதம், சேர்மானவியல் முதலிய துறைகளிலிருந்து வினாக்கள் எழும். பல்கலைக்கழகங்கள் அணியாக அனுப்பினும், எழுதுவோர் தனித்தனியே எழுதுவர்.

இதற்கு மூத்தது அமெரிக்காவிலும் கனடாவிலும் பயில்வோர்க்கான புட்னம் போட்டி. 1938-இல் தோன்றிய அதிலே, ஒரே நாளில் மும்மூன்று மணி நேரமாக இரு அமர்வு, பன்னிரண்டு வினா, நூற்றிருபது புள்ளி. எழுதியோர் அனைவரையும் புள்ளி வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்பவரைப் பார்த்தால், பல ஆண்டுகளில் அவர் பெற்றிருப்பது பூச்சியம். அன்றேல் ஒன்று, இரண்டு. அவர்களும் தத்தம் கல்லூரிகளில் கணிதத்திற் சிறந்தவர்களே. அடுத்த ஆண்டும் அவர்கள் வந்து எழுதுகின்றனர். என் மாணாக்கர் எதற்கு நாணினாரோ, அஃது ஆங்கே பாதிப்பேர்க்கு வழக்கமான பேறு!

இவ்வினாக்கள் ஏன் இத்துணைக் கடினமாகின்றன? நம் உயர்தரப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு தாளிலும் சிறுவினா பத்து; பெருவினா ஏழனுள் ஐந்துக்கு விடை. அதுவும் எளிதன்று, படிமுறைக்கும் ஆங்கே புள்ளியுண்டு. ஆனால் எவ்வகை வினா எவ்விடத்தில் வரும் என்பது மாணவர்க்கு ஏறக்குறையத் தெரியும். பழைய தாள்களைப் பயின்று பயின்று, தனியார் வகுப்பு மண்டபங்களில் நூற்றுக்கணக்கானோரோடு அமர்ந்து, கை தானே ஓடும்படி பழகிவிடுகின்றனர். போட்டித் தாளிலோ பழகிய வகை உதவாது. வழியை எழுதுபவரே கண்டுபிடித்தல் வேண்டும். கண்டதைப் பிறர் மறுக்கவொண்ணாதபடி எழுதியும் காட்டல் வேண்டும்.

இரு கிழமை கழித்து அம்மாணாக்கர் மீண்டும் வந்தபோது, "எனக்கு விளங்கத்தக்க ஒன்று சொல்லும் தம்பி" என்றேன். அவர் சொன்னது, 1953-ஆம் ஆண்டுப் புட்னம் தாளிலே ஆறு புள்ளிகளும் இரு நிறக் கோடுகளுமாக வந்த வினா. அதனை நம் வழக்கிலே இப்படிக் கூறலாம்: கலியாணப் பந்தலிலே ஆறு பேர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரையொருவர் அறிந்த மூவரேனும், ஒருவரையொருவர் அறியாத மூவரேனும் கட்டாயம் இருப்பர். இதனை நிறுவுக. (ஒருவர் மற்றவரை அறிவாராயின் மற்றவரும் அவரை அறிவார் எனக் கொள்க.)

அன்றிரவு தாள் முழுதும் கோடு கீறினேன், ஒன்றும் தோன்றவில்லை. நானும் பூச்சியமே பெற்றேன் என்க. மறுநாட் காலை கடற்கரையோரம் நடக்கையில், ஒருவரைத் தனியே நிறுத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. அவரைக் கந்தையா என்போம். எஞ்சியோர் ஐவர். அவர்களைக் கந்தையா அறிந்தோர், அறியாதோர் என இரு கூறாக்கினால், ஒரு கூற்றிலேனும் மூவர் இருந்தே தீருவர்; இரண்டும் இரண்டும் நான்கேயன்றோ? அறிந்தோர் மூவர் உளர் என்று கொள்வோம். அம்மூவருள் எவரேனும் இருவர் தம்முள் அறிமுகமானவராயின், அவ்விருவரோடு கந்தையாவும் சேர, ஒருவரையொருவர் அறிந்த மூவர் கிடைத்தனர். அம்மூவருள் எவரும் எவரையும் அறியாராயின், அவர்களே ஒருவரையொருவர் அறியாத மூவர். கந்தையா அறியாதோர் மூவர் எனினும் வாதம் இதுவே. அறிந்தோர், அறியாதோர் என்னும் சொற்கள் மட்டும் இடம் மாறும். ஐவர் மட்டுமாயின் இக்கூற்று நில்லாது. ஐவரை வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் தம் இருபக்கத்தாரை மட்டுமே அறிவர் எனக் கொண்டு பார்ப்போர்க்கு அது விளங்கும்.

இதிலே சூத்திரம் ஒன்றும் இல்லை, குறியீடும் இல்லை. தமிழ் வாக்கியங்களே உள. "ஆயின்", "அன்றேல்", "எனினும்", "ஆதலின்" என்னும் சொற்களின்மீதே நிறுவல் முழுதும் நிற்கின்றது. அச்சொற்களைப் பொருளறிந்து ஆளக் கற்பிப்பவர் யார்? கணித ஆசிரியர் மட்டுமோ? தமிழாசிரியராகிய எமக்கு அதிற் பங்கில்லையோ?

நம் மரபிலே இதற்கு வித்து இல்லாமலில்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என வாதத்தின் உறுப்புகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் நேரும் போலிகளையும் எடுத்துரைக்கின்றது. பழைய உரையாசிரியர்கள் தம் கருத்தைக் கூறியவுடன் அமைவதில்லை. தடை எழுப்பி, விடை பகர்ந்து, அதன்பின்பே மேற்செல்வர். இவற்றையெல்லாம் கற்பித்த நான் செய்தது யாது? போலிகளின் பெயர்களை மாணவர் நெட்டுருப்பண்ணி ஒப்புவித்தாற் புள்ளியிட்டேன். மாதிரிக் கட்டுரையை எழுத்துப் பிசகாது எழுதியவனுக்கு முதலிடம் கொடுத்தேன். தன் மனத்திற் பட்டதைத் தட்டுத்தடுமாறி எழுதியவனுக்குச் சிவப்பு மையால் வெட்டுக்கோடிட்டேன். பூச்சியத்துக்கு அஞ்சும் மனத்தை வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு.

போட்டி என்றாலே தீது என்பாரும் உளர். அவர் கூற்றைப் புறந்தள்ளலாகாது. கேம்பிரிட்ஜிலே கணிதப் பரீட்சையில் தேறியோரை முதல்வர் தொட்டு வரிசைப்படுத்தி விளம்பரப்படுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வேகத்துக்காகவே பயிற்றும் தனி ஆசிரியர்கள் மலிந்தனர். கணிதம் தேய்ந்து பயிற்சியே வளர்ந்தது. 1909-ஆம் ஆண்டோடு அவ்வரிசை ஒழிந்தது. அம்முறையைக் கடிந்தவருள் ஒருவரான ஹார்டியே, கும்பகோணத்தில் வளர்ந்து, கணிதம் ஒழிந்த பிற பாடங்களில் தவறி எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதுபோன இராமானுஜனை 1913-இல் வந்த ஒரு கடிதங்கொண்டு இனங்கண்டார். புட்னம் போட்டியில் 1939-இல் முதல் ஐவருள் ஒருவரான ஃபைன்மன் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்; முதல் ஐவருள் இடம்பெறாது மனம் நொந்த நாஷும் 1994-இல் அப்பரிசு பெற்றார். ஆகவே போட்டி, அறிவு முழுவதையும் அளக்கும் தராசு அன்று.

அங்கேரி நாட்டிலே 1949 முதல் நடைபெறும் ஷ்வைட்சர் போட்டி இவ்வகையில் எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப் போரிலே 1945-இல் புடாபெஸ்ட் நகரில் உயிரிழந்த இளங்கணிதர் ஒருவரின் பெயரால் அமைந்தது அது. வினாத்தாளைக் கொடுத்துப் பத்து நாள் தவணையும் தருவர், எந்நூலையும் பார்க்கலாம். நூலைப் பார்த்தும் எழுத முடியாத வினா எத்தகையதாயிருக்கும்! ஆங்கே நினைவாற்றலுக்கு வேலையில்லை, சிந்தனைக்கே வேலை.

நம்மவர்க்குக் கணிதம் புதிதன்று. பேராசிரியர் சுந்தரலிங்கம் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதம் போதித்தார். ஹாட்லிக் கல்லூரி தந்த எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் தொடர்பில் ஆய்வு செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். விபுலாநந்த அடிகளோ மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் அவரே. 1947-இல் வெளிவந்த அவரது யாழ் நூலிலே, பண்டை இசையின் சுருதிகளைக் கணிதங்கொண்டு ஆராய்ந்தார். எண்ணும் எழுத்தும் ஒருவரிடத்தே ஒருங்கமைந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? இன்றோ நம் பிள்ளைகளுட் பலர்க்குக் கணிதம் பொறியியற் பீடத்துக்கு ஏறும் படியாகவே அமைகின்றது. ஏறியபின் படியைத் திரும்பிப் பார்ப்பார் சிலரே. தமிழிற் பயின்றவர் பல்கலைக்கழகம் புகுந்ததும் ஆங்கிலத்தில் நிறுவல் எழுத வேண்டியவராகின்றனர். பல்கேரியப் போட்டியின் மொழியும் ஆங்கிலமே. தாய்மொழியில் வாதம் செய்யப் பழகாதவர் இரவல் மொழியில் அதனை எங்ஙனம் செய்வர்?

எனவே நான் வேண்டுவது பதக்கமன்று. இந்தியாவிலே 2010 முதல், கேரள நாட்டு மாதவரின் பெயரால் இளநிலைப் பட்டதாரி மாணவர்க்குக் கணிதப் போட்டியொன்று நடந்துவருகின்றது. கடல் கடக்குமுன் உள்நாட்டிலே பழக அத்தகைய களம் இங்கும் வேண்டும். அது வரும்வரை, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, வாசகசாலை உள்ள எவ்விடத்திலும், கிழமைக்கு ஒரு வினாவை எடுத்து நாலு பேர் கூடி நிறுவல் எழுதலாம். முதலில் தமிழில், அடுத்து ஆங்கிலத்தில். கணித ஆசிரியர் வாதத்தைப் பார்க்கட்டும். தமிழாசிரியர் வாக்கியத்தைப் பார்க்கட்டும்.

என் திண்ணையிலே சனிக்கிழமைகளில் இப்பொழுது ஐவர் கூடுகின்றனர். அந்த மாணாக்கரும் வருகிறார். சென்ற கிழமை எடுத்த வினாவுக்கு எங்களுள் எவர்க்கும் வழி தெரியவில்லை. விடைபெறும்போது அவர், "அடுத்த சனி வரைக்கும் வைத்திருப்போம், சேர்" என்றார். இம்முறை அவர் நாணவில்லை.