யாருடைய முதலீட்டுக்குக் காவல்?

கோட் எடிட்டர்களின் ஒவ்வொரு வசதிக்கும் காப்புரிமை வேண்டும், இல்லையேல் யாரும் முதலீடு செய்ய மாட்டார்கள்; திறந்த தரநிலை என்பது உழைத்தவன் வயிற்றில் அடிப்பது; உலகமே ஏற்றுக்கொண்டதை நாம் மட்டும் எதிர்க்கிறோம். மென்பொருள் காப்புரிமையை ஆதரிக்கும் கட்டுரையாளர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் இதுதான். ஆதாரத்தைத்தான் காணோம்.

முதலீட்டிலிருந்தே தொடங்குவோம். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை அறிவித்தன. அதுவரை பத்து எடிட்டர்களில் இருபது மொழிகள் சரியாக இயங்க, இருநூறு இணைப்புகள் எழுத வேண்டியிருந்தது. இப்போது எடிட்டருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என முப்பது போதும். எந்த வரியில் பிழை, இந்த ஃபங்ஷன் எங்கே வரையறுக்கப்பட்டது என்று எடிட்டர் கேட்கிறது. மொழிக்குரிய சர்வர் பதில் சொல்கிறது. எடிட்டர்களில் நியோவிம் 2021இலும் இமேக்ஸ் 2023இலும் இந்த நெறிமுறையை உள்ளேயே சேர்த்துக்கொண்டன. பிரதிக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கேட்டிருந்தால், யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கக்கூடிய இமேக்ஸ் எந்தப் பிரதியை எண்ணிக் கட்டியிருக்கும்? எல்லோரும் பேசினால்தான் நெறிமுறைக்கு மதிப்பு. பேசுகிறவனிடமெல்லாம் வரி கேட்டால் அது ஊமையாகிவிடும்.

சரி, உழைத்தவன் வயிறு காய்ந்ததா? மைக்ரோசாஃப்ட் நெறிமுறையைத் திறந்துவிட்டது. பைத்தான் மொழிக்கான தன் சர்வரான பைலான்ஸை மட்டும் தன் தயாரிப்புகளுக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்று உரிமத்தில் எழுதிக்கொண்டது. அந்த வேலியை நான் ரசிக்கவில்லை. ஆனால் அதைப் போடப் பதிப்புரிமையே போதுமானதாக இருந்தது. பதிப்புரிமை நகலெடுப்பவனைத் தடுக்கும். காப்புரிமையோ, சொந்தமாக யோசித்துச் சொந்தமாக எழுதியவனையும் தடுக்கும். இந்த வேறுபாடு கட்டுரையாளருக்குத் தெரியாதா, தெரிந்தே விட்டுவிட்டாரா?

காப்புரிமை ஆட்சியின் லட்சணத்துக்கும் சாட்சி உண்டு. டேப் வைத்த பேலட்டுக்கான காப்புரிமையை வைத்து 2000இல் மேக்ரோமீடியா மீது அடோபி வழக்குப் போட்டது. 2002 மே மாதத்தில் ஜூரி அடோபிக்கு 28 லட்சம் டாலர் வழங்கியது. சில நாட்களிலேயே எதிர்வழக்கில் மேக்ரோமீடியாவுக்கு 49 லட்சம் டாலர். பிறகு இருவரும் சமாதானமானார்கள். இதில் பயனர்களுக்குக் கிடைத்த புதுமை எது? தொழில் தொடங்கிய காலத்திலேயே எல்லோரும் காப்புரிமை எடுத்திருந்தால் இன்று துறையே முடங்கியிருக்கும் என்று 1991இல் எழுதியவர் பில் கேட்ஸ். அதே குறிப்பில், தன் நிறுவனம் முடிந்த அளவு காப்புரிமைகளைக் குவிக்க வேண்டும் என்றும் சொன்னார். அது கண்டுபிடிப்பாளனின் ஊக்கமல்ல, வலியவனின் தற்காப்பு.

'உலகமே ஏற்றது' என்பது பச்சைப் பொய். மென்பொருள் காப்புரிமை வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005இல் 648க்கு 14 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது. வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் காப்புரிமை கிடைக்காது என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஆலிஸ் வழக்கில் சொல்லிவிட்டது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை வெறும் நிரல் என்ற அளவிலும், அல்காரிதத்தை முழுவதுமாகவும் காப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது.

கட்டுரையாளருக்கு ஒரே ஒரு கேள்வி. காப்புரிமை இல்லாமல் பிறந்திருக்கவே முடியாத எடிட்டர் வசதி ஒன்றின் பெயரைச் சொல்லட்டும். அதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டுரையைத் தொடங்கட்டும்.