காலை நியமம்

சூரியோதயத்துக்கு 5 நாழிகை முன்னதாகத் துயில் விட்டெழுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நியமம். நாழிகை ஒன்று 24 நிமிடமாகலின், யாழ்ப்பாணத்திலே அஃது ஏறக்குறையக் காலை 4 மணியாகும். மாணவப் பருவத்திற் கேட்ட இவ்விதியை, உத்தியோகமும் குடும்பமும் மேற்கொண்ட பின்னர்ப் பலர் தொடங்குகின்றனர்; சின்னாளிற் கைவிடுகின்றனர்.

விதி பழுதுடையதன்று. இரவு 9 மணிக்கு விளக்கணைத்து உறங்கினோர்க்கு அது 7 மணி நேர உறக்கத்தை அளித்தது. வளர்ந்தோர்க்கு அவ்வளவேனும் வேண்டுமென இக்கால மருத்துவரும் கூறுவர். 11 மணிவரை கைத்தொலைபேசியை நோக்கியிருந்து 4 மணிக்கு எழுபவர், 2 மணி நேரத்தை உடலிடம் கடன்கொண்டவராவர். அக்கடன் பகலிலே அறவிடப்படும். ஆதலின், காலை நியமம் முதனாள் இரவிலேயே தொடங்குகின்றது என்பது எம் கருத்து.

இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர்க்கு மார்கழியிற் சூரியன் 8 மணியளவிலேயே உதிக்கும். ஆகவே ஒரே நேரத்தை எல்லார்க்கும் விதித்தல் பொருந்தாது. வீட்டினின்றும் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுக. நீராடல், உணவு, பிள்ளைகளின் ஆயத்தம் என்பவற்றுக்கு உரியதை ஒதுக்குக. எஞ்சுவது கால் மணி நேரமேயாயினும், அதனை வழிபாடு, வாசிப்பு, உடற்பயிற்சி என்பவற்றுள் ஒன்றற்கே உரியதாக்குக. மூன்றையும் ஒருங்கே விரும்புவோர் ஒன்றையும் நிலைநிறுத்தார்.

விடுதி மணி நம்மை எழுப்பிய காலம் கழிந்தது. இனி நம் மணியை நாமே அடித்தல் வேண்டும். நாம் எழும் முறையைக் கண்டே நம் மக்களும் எழக் கற்பர்.