மாம்பலம் ஏரியும் மனையுரிமையும்

மனை வாங்கப் புகுவோர் முதற்கண் வில்லங்கச் சான்று தேடுகின்றனர். விற்பவர் யார், அவர்க்கு விற்றவர் யார், அடமானம் உண்டோ எனப் பல்லாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்க்கின்றனர். அஃது அறிவுடையார் செயலே. ஆயினும், அந்நிலம் மனையாகுமுன் யாதாக இருந்தது என்னும் வினாவை அச்சான்று எழுப்புவதில்லை. இக்குறையைச் சென்னைத் தியாகராய நகரின் வரலாறு நன்கு விளக்கும் என்பது நம் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்தின் மேற்கே, நுங்கம்பாக்கத்தினின்றும் தெற்கே மாம்பலம் வழியாக நீண்டு கிடந்தது ஒரு பேரேரி. ஆங்கிலேயர் அதனை ‘லாங் டாங்க்’ என வழங்கினர். 1920-இல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. 1923-இல் மாம்பலப் பகுதியின் நீரை வடித்து வீட்டுமனைகள் வகுக்கும் வேலை தொடங்கிற்று. புதிய நகர், 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைத் தாங்கியது. நடுவிலமைந்த பூங்கா பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. நுங்கம்பாக்கப் பகுதியும் பின்னர்க் கட்டடங்களாயிற்று. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் பழைய ஏரிப்படுகையின் மீதே நிற்கின்றது. ஏரிக்கு எஞ்சியவை மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்து டாங்க் பண்டு ரோடு போன்ற பெயர்களே.

நெருக்கமுற்ற பட்டணத்தார்க்குக் குடியிருக்க இடம் வேண்டாவோ என வினவலாம். வேண்டும். அகன்ற வீதியும் பூங்காவும் வகுத்தோரைப் பழித்தல் நமது நோக்கமன்று. ஆயினும், 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெய்த பெருமழையில் அந்நகரின் தெருக்களில் வெள்ளம் தேங்கிற்று. பத்திரம் கைமாறினும் நிலத்தின் தாழ்வு மாறுவதில்லை.

நீதியைப் பற்றியும் ஒரு சொல். ஏரிகளைக் காத்தற்கும் ஆக்கிரமிப்பை அகற்றுதற்கும் 2007-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. நல்ல சட்டமே. ஆனால் ஏரியோரத்தில் குடிசையிட்ட ஏழை ‘ஆக்கிரமிப்பாளன்’ எனப் பெயர் பெறுகின்றான். ஏரியையே அளந்து மனையாக்கிய செயலோ ‘திட்டம்’ எனப் பெயர் பெற்றது. சட்டத்தின் முன் இவை வேறு. நீரின் முன் இரண்டும் ஒன்றே. ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை விரும்பிய வரலாற்றைத் திருமறையில் பயின்றுள்ளோம். முன்னோர் நிலத்தைத் தர மாட்டேன் என மறுக்க நாபோத்துக்கு நாவிருந்தது. ஏரிக்கு அஃதில்லை, அதன் பொருட்டுக் கற்றோரே பேசுதல் வேண்டும்.

ஆகவே, புறநகர்களில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளிக்குமுன், பழைய நில அளவைப் படங்களிலுள்ள ஏரி, வாய்க்கால்களைக் குறித்து ஊரார் காண வைத்தல் வேண்டும். வாங்குவோர் பத்திரத்திலும் அக்குறிப்பு இடம்பெறல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! இதில் நமக்கும் பணியுண்டு. பழவந்தாங்கல் போன்ற பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘தாங்கல்’ சிற்றேரியைக் குறிக்கும் சொல். தமிழ் கற்பார்க்கு ஊர்ப்பெயரே முதற்பத்திரம். விடுமுறையில் தத்தம் ஊரிலுள்ள இத்தகைய பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வருவோமாக. அப்பத்திரத்தைப் படித்தறிந்த பின்னர் மனையளக்கச் சங்கிலியை எடுக்கட்டும் நம் நாட்டார்.