பேண்டு வாத்தியமும் நம் காதுகளும்

சோப்ரானோ என்றால் கத்தல். பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம். இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளைகளில் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பலமுறை கேட்டுவிட்டோம். சொல்பவர்கள் ஹெர்மன் ஹெஸ்ஸேயைத் திருலோக சீதாராமின் தமிழில் உருகி வாசித்தவர்கள் என்பதுதான் வேடிக்கை.

அதே ஹெஸ்ஸேயின் மூன்று கவிதைகளுக்கும் ஐகண்டார்ஃபின் ஒரு கவிதைக்கும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948இல் இசையமைத்தார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அந்த ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ முதன்முதலாக அரங்கேறின. பாடிய சோப்ரானோ, நார்வேயின் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். கச்சேரிக்குப் பண உத்தரவாதம் அளித்தவரோ மைசூர் ஜெயசாமராஜ உடையார். 1964இல் மதராஸ் மாநிலத்துக்கே ஆளுநராக வந்தவர். மூக்கண்டப்பள்ளியிலிருந்து எல்லையைத் தாண்டினால் அவருடைய பழைய ராஜ்யம்தான்.

கத்தல் என்கிறீர்கள். ஒலிபெருக்கியின்றி ஒரு பெரும் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசையை எட்டுவதற்கென்றே பயிற்றப்பட்ட குரல் அது. கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகைகளில் உச்ச ஸ்தாயியில் நின்றபோது நம் முன்னோர் அதைக் கத்தல் என்று சொல்லவில்லை.

அந்நியம் என்கிறீர்கள். ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டில் அமைந்தது ‘சந்ததம் பாஹிமாம்’. கிளாரினெட்டோ ஏ.கே.சி.நடராஜனின் கையில் ராக ஆலாபனையே செய்துவிட்டது. இன்னும் எந்தக் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும்?

உடையாரைக் கொண்டாடுவது நம் நோக்கமன்று. லண்டன் கச்சேரியின் ஒலிப்பதிவு அவருடைய சொந்தச் சேகரிப்புக்காகச் செய்யப்பட்டது. மைசூர்த் தெருவில் நின்றவனுக்கு அதில் என்ன பங்கு? அரசர் காசு கொடுத்தால் கலை, கல்யாண வீட்டார் காசு கொடுத்தால் இரைச்சல் என்ற கணக்கைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். பெங்களூர் கப்பன் பூங்காவில் பேண்டு வாசிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறது. வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காகக் கட்டியதுதான். ஆனாலும் சுவரில்லாத மண்டபம். நடந்து போகிறவன் நின்று கேட்கலாம்.

மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் இருக்கிறது; தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவன் டிக்கெட் இல்லாமல் நின்று கேட்க ஒரு மேடை வேண்டும் என்கிறோம். மூன்று மொழிக்காரருக்கும் சொல் புரியாத பாட்டென்றால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது என்பது உபரி லாபம்!

உள்ளூர் பேண்டு கலைஞர்கள் வாசிக்கட்டும். பெங்களூரிலோ சென்னையிலோ மேற்கத்திய முறையில் பயின்ற ஒரு பாடகி விருந்தினராக வரட்டும். அவர்களுக்குள் ஒத்திகைக்குச் சில வாரங்களாவது தேவைப்படும். கல்யாண பேண்டுகளில் பலர் காதால் கேட்டே வாசிப்பவர்கள். பாடகியோ ஸ்வரத்தாளைப் பார்த்துப் பாடுபவர். திறந்தவெளி என்பதால் ஒலிபெருக்கியும் வேண்டியிருக்கும்; மேலே சொன்ன வாதம் அங்கே கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். கோடை முழுக்க முகூர்த்தம் என்பதால் சித்திரை, வைகாசியில் பேண்டுக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடியில் அவர்களுக்கு வேலையில்லை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கல்யாண ஊர்வலத்துக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுத்து அழைப்போம்.